கொதிகலனில் ஒரு கடல்: அரியலூர் வட்டார வீட்டு எஸ்பிரஸோ இயந்திரங்களில் உப்புப் படிதல் குறித்த முன்னோட்ட ஆய்வு

1. ஆய்வின் தேவை

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் வீட்டு எஸ்பிரஸோ இயந்திரங்களின் பயன்பாடும் பராமரிப்பும் குறித்து இதுவரை விரிவான ஆய்வு எதுவும் நிகழ்த்தப்படவில்லை. ஆய்வேடுகள் இப்படித்தான் தொடங்கும். ஒரு பொருளை யாரும் ஆராயாமல் விட்டதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அதன் அருமை யாருக்கும் தெரியாமல் போயிருக்கலாம். அல்லது அது யாருக்கும் தேவைப்படாமல் இருந்திருக்கலாம். இரண்டாவதை ஒப்புக்கொண்டால் பட்டம் கிடைக்காது என்பதால் முதலாவதே மரபாகக் கொள்ளப்படுகிறது. இக்கட்டுரையும் மரபு வழுவவில்லை.

ஆய்வுக் களம் அரியலூரில் ஒரு வீட்டுச் சமையல் மேடை. கிரைண்டருக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே இரண்டடி இடம். மாதிரி, பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் மகன் ‘இனி வீட்டிலிருந்தே வேலை’ என்று வந்து இறங்கியபோது மடியில் வைத்துக் கொண்டுவந்த இயந்திரம். ஒப்பீட்டு மாதிரி, பெரம்பலூரில் அவனுடைய அக்கா வீட்டுப் பரணில் இருக்கும் அதே வகை இயந்திரம். கல்யாணப் பரிசாக வந்தது, அட்டைப்பெட்டியை விட்டு இன்னும் இறங்கவில்லை. இரண்டையும் ஒப்பிட்டதில் துளி உப்பும் படியாமல், ரப்பர் தேயாமல், பளபளப்பு குன்றாமல் இருப்பது பெரம்பலூர் இயந்திரமே. பராமரிப்பு பற்றிய முதல் முடிவு இங்கேயே கிடைத்துவிட்டது: பிரிக்காவிட்டால் கெடாது.

கள எல்லையை வரையறுப்பதில் ஓர் இடர் உண்டு. அரியலூர்ச் சமையல் மேடை ஒன்றில் 1990களின் தொடக்கத்தில் ஓர் இயந்திரத்தை வைத்து, இன்றுவரை அசைக்காமல் விட்டிருந்தால், அது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் தொடங்கி, 1995-இல் பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போய், 2001-இல் அரியலூர் மாவட்டத்துக்கு வந்து, 2002-இல் மறுபடி பெரம்பலூருக்குத் திரும்பி, 2007 நவம்பரில் மீண்டும் அரியலூரை அடைந்திருக்கும். நின்ற இடத்தில் நின்றபடி இவ்வளவு பயணம் செய்த சமையல் சாதனம் உலகில் குறைவு. எனவே இக்கட்டுரையில் ‘அரியலூர்’ என்னுமிடத்தில் தேவைப்பட்டால் ‘பெரம்பலூர்’ என்றும் வாசித்துக்கொள்ளலாம்.

2. சொல்லாராய்ச்சி

கல்யாண வீட்டுப் பந்தியிலும் பேருந்து நிலையத்துக் கடைப் பலகையிலும் ‘எக்ஸ்பிரஸோ’ என்றே எழுதியிருப்பதைக் காணலாம். படித்தவர்கள் இதைப் பிழை என்று திருத்துவார்கள். அவசரப்படக் கூடாது. பிழிந்தெடுத்தது, அழுத்தி வெளியேற்றியது என்ற பொருளுடைய இத்தாலியச் சொல்லே எஸ்பிரஸோ. அதன் மூலமான இலத்தீனச் சொல்லில் ‘க்ஸ்’ ஒலி இருந்தது. இத்தாலியர்கள்தாம் அதைத் தொலைத்தார்கள். ஈராயிரம் ஆண்டுப் பழமையான அந்த ஒலியை, யாரும் கேட்காமலே மீட்டுக் கொடுத்தவர் நம் ஊர்க் கடைக்காரர். இதற்காக அவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் எதுவும் செய்யவில்லை.

இது எக்ஸ்பிரஸ் ரயிலிலிருந்து வந்த பெயர் என்றும் ஒரு தரப்பு உண்டு (ஆட்டோ நிறுத்தம், அரியலூர் ரயிலடி, வாய்மொழி). அரியலூர் விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் இருப்பதால் அங்கே இக்கொள்கைக்குச் செல்வாக்கு அதிகம். பெரம்பலூர் நகருக்கு ரயிலே இல்லை. ஆகவே அங்கே இது எடுபடவில்லை.

காப்பியைப் பொறுத்தவரை சொல்லாராய்ச்சி தமிழர்களுக்குப் புதிதன்று. ‘டிகிரி காப்பி’யின் டிகிரி, பால்மானியின் பாகையிலிருந்து வந்ததா, சிக்கரி என்ற சொல்லே திரிந்து அப்படி ஆனதா என்று நெடுநாளாக வழக்கு நடக்கிறது. இரு கட்சியாரும் ஒரே டபராவில்தான் ஆற்றிக் குடிக்கிறார்கள். காப்பி தமிழ்நாட்டுக்குள் நுழைந்தபோது நீராகாரத்தின் குடியைக் கெடுக்க வந்த வெளியூர்க்காரனாகப் பார்க்கப்பட்டதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூல் விரிவாகக் காட்டுகிறது. அன்று வெளியூர்க்காரனாக இருந்த ஃபில்டர், இன்று எஸ்பிரஸோவைப் பார்த்து ‘இது எந்த ஊர்ப் பழக்கம்?’ என்று கேட்கிறது. குடியேறி நூறு வருடம் ஆனால் எல்லாரும் பூர்வகுடிதான்.

3. இயந்திர வகைகள்

3.1 கல்யாண மண்டப வகை. ஆள் உயரத்துக்கு முக்காலே அரைக்கால் பங்கு இருக்கும்; பித்தளையும் எவர்சில்வரும் கலந்து தேர்போல மின்னும். பாலும் சர்க்கரையும் உடனடிக் காப்பித்தூளும் போட்ட குவளையைக் குழாய்க்கடியில் பிடித்தால் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற சத்தத்துடன் நீராவி பாய்ந்து நுரை பொங்கும். மேலே ஒரு சிட்டிகை சாக்லேட் தூள். இத்தாலியன் கண்ணால் பார்த்தால் எஸ்பிரஸோ என்று ஒப்பமாட்டான். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறைக்கு எஸ்பிரஸோ என்றால் இதுதான். சாம்பார் வாசனைக்கும் நாதஸ்வரத்துக்கும் நடுவே குடித்தது என்பதால் இதன் சுவையைப் பிற்கால வகைகள் எட்டவே முடியவில்லை என்பது அனுபவஸ்தர்கள் கருத்து (பெரியம்மா, கூற்று, இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பில் இதையே ‘பச்சைத்தண்ணி’ என்றிருந்தார்).

3.2 நெம்புகோல் வகை. கை வலிக்கும்.

3.3 மோக்கா பாத்திரம். இது இயந்திரம் அன்று.

3.4 பம்பு வகை. வீடுகளுக்கு வருவது இதுவே. இதன் முன்னோர்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: இத்தாலியின் தூரின் நகரில் ஆஞ்செலோ மொரியோந்தோ 1884-இல் நீராவிக் காப்பி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார், மிலானில் லூயிஜி பெஸ்ஸெரா 1901-இல் கோப்பை கோப்பையாக இறக்கும் முறையைக் கொண்டுவந்தார், இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அக்கீலே காஜ்ஜியாவின் நெம்புகோல் இயந்திரத்தில்தான் காப்பியின் மேல் அந்தப் பொன்னிற ஏடு முதன்முதலாகத் திரண்டது, 1961-இல் ஃபயேமா நிறுவனம் மின்பம்பைப் பொருத்தியது. அங்கிருந்து அரியலூருக்கு வர அறுபது ஆண்டுகள் ஆயின. கார்டு லைனில் இது பெரிய தாமதம் அன்று.

4. செய்முறை

பதினெட்டு கிராம் தூளைக் கைப்பிடிச் சல்லடையில் இட்டு, சமமாக அழுத்தி, 90 முதல் 96 டிகிரிச் சூட்டில் உள்ள தண்ணீரை 9 பார் அழுத்தத்தில் செலுத்தினால், 25 முதல் 30 வினாடிக்குள் ஏறத்தாழ 36 கிராம் பானம் இறங்க வேண்டும். பெட்டியில் ‘15 பார்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பது பம்பின் உச்ச வலிமை. காப்பிக்கு 9 போதும், நல்ல இயந்திரமாக இருந்தால் மிச்சத்தை ஒரு வால்வு திருப்பிவிடும்.

களத்தில் முதல் நாள் மகன் பயன்படுத்தியது அம்மா வாங்கிவைத்திருந்த ஃபில்டர் தூள், சிக்கரி கலந்தது. ஃபில்டருக்கு அரைத்த தூள் எஸ்பிரஸோவுக்குக் கரடு. தண்ணீர் அதில் நிற்காது. எட்டே வினாடியில் குவளை நிரம்பிவிட்டது. நிறம், குளத்தில் மாடு இறங்கிய நிறம்.

“இது டிகாஷனா, டம்ளர் கழுவுன தண்ணியாடா?” (அம்மா, சமையல் மேடை, காலை 6.10.)

பிறகு கொட்டையாக வாங்கி, நைசாக அரைத்து, தராசில் நிறுத்து, மூன்றாம் நாள் சரியாக வந்தது. இரண்டு மடக்கு இருக்கும். வீட்டில் நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அரைத்து, அழுத்தி, இறக்கி, துடைத்து, பால் நுரைத்து முடிக்க முப்பத்தைந்து நிமிடம் பிடித்தது. நான்காவது காப்பி வந்தபோது முதல் காப்பி குடித்தவர் குளித்துவிட்டு வந்திருந்தார். ராத்திரியே தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றி மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போகும் ஃபில்டர் முறையில் மனித உழைப்பு இரண்டு நிமிடம். மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது.

இங்கே 9 பார் என்ற எண்ணை நிறுத்தி யோசிக்க வேண்டும். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கூடும். அதாவது ஒன்பது பார் என்பது தொண்ணூறு மீட்டர் ஆழத்துக் கடலடியில் ஒரு சிப்பி தாங்கும் அழுத்தம். மகன் பொத்தானை அமுக்கிய ஒவ்வொரு முறையும் அந்தப் பதினெட்டு கிராம் தூள் இருபத்தேழு வினாடி நேரம் நடுக்கடலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறது. வேறு ஊராக இருந்தால் இது வெறும் உவமை. அரியலூரில் இதற்கு வரலாறு இருக்கிறது.

5. படிவப் பாறையியல்

அரியலூரும் பெரம்பலூரின் கிழக்குப் பகுதியும் ஒரு காலத்தில் கடலடியில் இருந்தவை. கிரெட்டேசியஸ் காலத்தில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே தொடங்கி, கடல் பலமுறை ஏறி இறங்கி, சிப்பியும் அம்மோனைட்டும் சேறுமாக அடுக்கடுக்காகப் படிந்தது. காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில் குனிந்து பார்த்தால் இன்றும் பழங்கடல் உயிரிகளின் மிச்சம் கையில் தட்டுப்படும். கேய், கன்லிஃப் என்ற இரு வெள்ளைக்காரர்கள் பொறுக்கிக் கொண்டுபோனவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் விவரித்து எழுதினார். 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்டு இங்குள்ள அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டாலிச்கா அதற்குப் பின் ஏறத்தாழ பத்தாண்டுகள் சிப்பி சிப்பியாகப் பெயர் வைத்தார். அந்தக் கடலின் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் இன்று அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலைகள்.

மேற்படி கடல் வற்றிவிட்டது என்று புவியியலாளர்கள் எழுதிவருகிறார்கள். இக்கட்டுரை அதை மறுக்கிறது. கடல் போகவில்லை; போர் தண்ணீரில் கரைந்து, மோட்டார் வழியாக மேல்தொட்டிக்கு ஏறி, குழாய் வழியாகச் சமையலறைக்கு வந்து, கொதிகலனுக்குள் மறுபடி படிந்துகொண்டிருக்கிறது. எட்டாம் மாதம் மகன் இயந்திரத்தின் வெந்நீர் முனையைக் கழற்றியபோது அதற்குள்ளிருந்து பெயர்ந்து விழுந்த சில்லு இதற்குச் சான்று. கட்டைவிரல் நகத்தளவு, ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, பாட்டியின் பூதக்கண்ணாடியில் பார்த்ததில் பின்வரும் அடுக்குகள் தெரிந்தன.

அடியில் மெல்லிய வெண்ணிற வரி. இது கேன் தண்ணீர்க் கட்டம். இயந்திரம் புதிது என்பதால் வீட்டார் 20 லிட்டர் கேன் வாங்கி ஊற்றி மரியாதை செய்த காலம்.

அதன் மேல் தடித்த மஞ்சள் பட்டை. போர் தண்ணீர்க் கட்டம். மரியாதை முடிந்த காலம்.

அதற்கும் மேல் கறுப்புக் கோடு, பென்சிலால் கீறியதுபோல. அதன்பின் மறுபடி வெள்ளை.

இந்தக் கறுப்புக் கோடுதான் இவ்வாய்வின் உயிர்நாடி. அரியலூர்ப் பகுதியில் கல்லமேட்டு அடுக்குக்கு மேலே நின்னியூர் அடுக்கு வருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான், 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் பூண்டற்றுப் போயின. அது வானிலிருந்து விழுந்த விண்கல்லால் ஒரே அடியில் நேர்ந்ததா, தக்காண எரிமலைகள் கக்கிய புகையால் மெல்ல மெல்ல நேர்ந்ததா என்று அறிஞர்கள் மோதிக்கொள்கிறார்கள். கொதிகலன் எல்லையிலும் அதே இரு கட்சிகள் உருவாயின. ஒரே நிகழ்வுக் கொள்கையை முன்வைத்தவர் அப்பா: யாரோ தண்ணீர்த் தொட்டியில் பாலை ஊற்றிவிட்டார்கள். படிப்படிக் கொள்கையை முன்வைத்தவர் அம்மா: மூன்று மாதமாக எவனும் கழுவவில்லை. விவாதம் இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் பாட்டி, “தண்ணி ஊத்துற எடம், பால் ஊத்துற எடம்னு எழுதியா ஒட்டி வச்சிருக்கு?” என்று கேட்டதில் விண்கல் கட்சி வென்றது (பாட்டி, ‘அடுக்களைச் சிந்தனைகள்’, தொகுதி 3, பகுதி 2, முதலிரு தொகுதிகளும் திண்ணையில் அரங்கேறியபோது அவையில் இருந்தவர் தாத்தா ஒருவரே, அவரும் இடையில் தூங்கிவிட்டார் என்பதால் பாடபேதங்கள் உள).

விண்கல் கட்சிக்காரர்கள் விண்கல்லையே கையும் களவுமாகப் பிடித்த சந்தர்ப்பம் புவியியல் வரலாற்றில் இது ஒன்றே.

சில்லின் கதி குறித்தும் பதிவு செய்வது கடமை. கல்லமேட்டில் கிடைத்த பெரிய எலும்புகளுக்கு 1980களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு அறிஞர்கள் ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். பேருடலி என்று பொருள். முதலில் ஊனுண்ணி என்றார்கள். பின்னர் அதைத் தழையுண்ணி என்றார்கள். உலகின் மிகப் பெரிய விலங்காகவே இருக்கலாம் என்று சிலர். எலும்பே அன்று, கல்லாகிப்போன மரக்கட்டை என்று வேறு சிலர். இதற்குள் எலும்புகள் நம் மழைக்கும் ஈரத்துக்கும் தாங்காமல் பொடிந்துவிட்டன. ஆனால் கட்டுரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை பத்திரமாக இருக்கின்றன, பெருகியும் வருகின்றன. மேடையில் காய வைத்திருந்த சில்லும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் ஈரத்துணியால் அவ்வாறே மறைந்தது. எனவே இக்கட்டுரையை இனி யாரும் மறுக்க முடியாது.

எஞ்சியது பெயர்ச் சிக்கல். ‘அரியலூர்க் கொதிகலன் படிவம்’ என்று பெயரிட மகன் விரும்பினான். பரணில் இருக்கும் தன் இயந்திரத்துக்கும் இதில் பங்குண்டு என்று பெரம்பலூர் அக்கா தொலைபேசியில் மறுத்தாள். முன்மாதிரியைப் பார்ப்போம்: சிப்பிகள் பின்னிக் கிடக்கும் அழகான சுண்ணாம்புக்கல் பெரம்பலூர் மாவட்டத்துக் கருடமங்கலத்தில் கிடைப்பது, வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயர் ‘திருச்சிராப்பள்ளி மார்பிள்’. அது மார்பிளும் அன்று, திருச்சியும் அன்று. கலெக்டர் ஆபீஸ் எங்கே இருந்ததோ அந்த ஊர்ப் பெயர். அந்த மரபுப்படி, பில் போட்ட ஊரின் பெயரால் இது ‘பெங்களூர்ப் படிவம்’ ஆகிறது.

இயந்திரத்துக்குள்ளே தண்ணீரைத் திருப்பிவிடும் சோலனாய்டு வால்வு கெட்டியானது இதன் துணை ஆய்வு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது, எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதைக் கண்டறிந்தார். இப்போது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். மரம் கல்லாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின. வால்வு எட்டு மாதத்தில் ஆனது. அதற்கு வேலி போடப்படவில்லை. பழுது பார்க்க வந்தவர் திறந்து பார்த்து, டார்ச் அடித்து, மறுபடி மூடி, “எல்லாம் தண்ணிதான் சார்” என்று சொல்லி முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். இத்துறையில் வெளிவந்த மூன்றே சொல் கொண்ட ஆய்வேடு அது. முடிவுகள் இக்கட்டுரையோடு முழுமையாக ஒத்துப்போகின்றன.

6. தண்ணீர்

குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கணக்கு. ஸ்பெஷாலிட்டி காப்பி சங்கத்தார் காப்பிக்குக் கேட்பது 50 முதல் 175 வரை. வேறு வழியில்லாதவர்கள் காப்பி குடிப்பார்கள் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

நடுவாக 400 என்று வைத்து, தினம் ஒரு லிட்டர் ஊற்றி, அதிலுள்ள அனைத்தும் படிந்துவிடும் என்று ஆய்வாளர்களுக்கே உரிய துணிச்சலோடு கொள்வோம். ஆண்டுக்கு 146 கிராம். ஒரு டன் சிமென்ட் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். ஆக ஒரு 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 75 கிலோ. ஒரு வீட்டு எஸ்பிரஸோ இயந்திரத்திலிருந்து ஒரு மூட்டை சிமென்ட்டுக்கான கல் திரள 500 ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகும். முதலாம் இராசேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய நாளில் பொத்தானை அமுக்கியிருந்தால் இன்று ஏறத்தாழ இரண்டு மூட்டை கையில் இருக்கும். அவன் கோயிலைக் கருங்கல்லில் கட்டியது சரிதான்.

இராசேந்திரனைச் சும்மா இழுக்கவில்லை. நல்ல தண்ணீருக்காக வெளியூருக்கு ஆள் அனுப்புவது இவ்வட்டாரத்தில் ஆயிரமாண்டு மரபு என்பதற்கு அவனே சான்று. படையை அனுப்பிக் கங்கை நீரைக் கொண்டுவரச் செய்து, அரியலூர் மாவட்டத்தில் இன்றும் பொன்னேரி என்று வழங்கும் சோழகங்கம் ஏரியை நீராலான வெற்றித்தூணாக எடுத்தான் என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். மகன் தன் பங்குக்குப் பெங்களூரிலிருந்து பேருந்தில் இரண்டு ஐந்து லிட்டர் புட்டிகளைக் கொண்டுவந்தான். செப்பேடு எதுவும் வெளியிடப்படவில்லை. அப்பா மட்டும், “தண்ணிய பஸ்ல ஏத்திட்டு வந்த மொதல் ஆள் நீதாண்டா” என்றார். இது வரலாற்றுப் பிழை. பஸ் என்ற சொல்லை நீக்கினால் பிழையின் அளவு தெரியும்.

ஆர்.ஓ. தண்ணீர் உப்பைக் கொண்டுவராது. ஆனால் உப்பே இல்லாத தண்ணீரில் காப்பியின் சாரம் சரியாக இறங்காது. தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்து மட்டம் பார்க்கும் வகை இயந்திரமாக இருந்தால், கொதிகலன் நிறைந்திருந்தும் காலி என்றே சாதிக்கும். கொள்ளிடத் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்துக்கொள்வது நலம். மழைத்தண்ணீர் மிக நலம். மழை பெய்ய வேண்டும்.

7. உப்பா, சுண்ணாம்பா?

பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதை ஊரார் ‘உப்புப் பிடிச்சிருக்கு’ என்பார்கள். படித்த மகன் இதைப் பொறுக்கமாட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழுதும் வீட்டாருக்கு விளக்கினான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. கரைந்தது கால்சியம் பைகார்பனேட்டாகத் தண்ணீரோடு வருகிறது. சூடேறியதும் வாயு கழன்றுகொள்ள, மிஞ்சிய கால்சியம் கார்பனேட் மறுபடி கல்லாகப் படிகிறது. சர்க்கரை சூட்டில் கூடுதலாகக் கரையும், இது சூட்டில் குறைவாகக் கரையும். ஆகையால்தான் தொட்டியில் படியாமல் சூடேற்றியில் படிகிறது. ஆகவே இது உப்பன்று, சுண்ணாம்புக்கல். ‘உப்பு’ என்பது பாமர வழக்கு. இனி வீட்டில் அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்தக் கூடாது.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகள் அப்போது விடுமுறைக்கு வந்திருந்தாள். “மாமா, அமிலமும் காரமும் சேந்து வர்றது எல்லாமே உப்புதான்னு டீச்சர் சொன்னாங்க. கால்சியம் கார்பனேட்டும் அந்த லிஸ்ட்ல இருக்கு.”

வேதியியலின்படி அவள் சொன்னது சரி. பாமர வழக்கும் சரி. இடையில் இருந்தவர் மட்டும் பிழை. ஆய்வுலகில் இந்த நிலை அரிதன்று என்பதால் மகன் மனம் தளரவில்லை.

கரைக்கும் முறை: மளிகைக் கடையில் ‘எலுமிச்சை உப்பு’ என்று கேட்டால் சிட்ரிக் அமிலம் தருவார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 30 கிராம் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, பாதியை இயந்திரத்துக்குள் ஓடவிட்டு, கால்மணி நேரம் ஊறவிட்டு, மீதியையும் ஓட்டி, பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீரால் அலச வேண்டும். வினிகரும் கரைக்கும், ஒரு வாரத்துக்குக் காப்பி ஊறுகாய் வாசனை அடிக்கும். அலுமினியக் கொதிகலனாக இருந்தால் அமிலத்தை நெடுநேரம் ஊறவிடக் கூடாது. புளி போட்டுத் தேய்த்தால் போதுமே என்பது பாட்டி கட்சி. பித்தளைக்குப் போதும், இதற்குக் கை நுழையாது. உப்பை நீக்க உப்பு வாங்கப் போன விவரத்தைக் கடைக்காரர் முழுதாகக் கேட்டுவிட்டு, “ரெண்டையும் ஒரே பில்லுல போடவா?” என்றார்.

கண்ணாடிக் குவளையில், பின்னர் பெயர்ந்த வேறொரு சில்லின் துண்டைப் போட்டு அந்தக் கரைசலை ஊற்றியபோது நிகழ்ந்ததை மட்டும் வேகமாகக் கடக்க இயலவில்லை. முதலில் ஒன்றுமில்லை. பிறகு சில்லின் விளிம்பில் ஊசிமுனை அளவில் ஒரு குமிழ், அதையடுத்து வரிசையாகப் பல; மணிகோத்ததுபோல மேலே ஏறி, காதருகே வைத்தால் கேட்கும் அளவுக்கு மெல்லச் சீறி உடைந்தன. வெளியேறியது கரியமில வாயு. அதிலுள்ள கரியில் ஒரு பங்கு, காரைக்கும் குன்னத்துக்கும் மேலே கடல் நின்ற நாளில் ஏதோ ஒரு சிப்பி தன் ஓட்டுக்குள் பூட்டிவைத்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கல்லுக்குள் கிடந்துவிட்டு, போர் போட்டு மேலே ஏறி, கொதிகலனில் ஒருமுறை மறுபடி கல்லாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அரியலூர்ச் சமையலறையில் அது விடுபட்டது. அக்கா மகள் இன்னொரு துண்டு போடச் சொன்னாள். போட்டார்கள். மூன்றாவது துண்டு இல்லை.

8. பிற பாகங்கள்

8.1 ரப்பர் வளையம். காய்ந்து வெடித்தால் கைப்பிடியின் ஓரத்தில் காப்பி கசியும், மாற்ற வேண்டும்.

8.2 நீராவிக் குழல். பால் நுரைத்த மறுகணம் ஈரத்துணியால் துடைத்து, ஒருமுறை ஆவியை ஊதிவிட வேண்டும்; தவறினால் பால் உள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். களத்தில் தவறியது.

8.3 சல்லடை. ஓட்டையில்லாத மூடிச் சல்லடையைப் பொருத்திப் பம்பை ஓட்டினால், அழுத்தம் திரும்பி உள்ளே இருக்கும் பழைய எண்ணெய்ப் பிசுக்கு வெளிவரும். சோலனாய்டு வால்வு உள்ள இயந்திரங்களுக்கே இது பொருந்தும். வால்வு கல்லாகியிருந்தால் பொருந்தாது.

8.4 இன்வெர்ட்டர். கரண்ட் போனபோது இதை இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். மின்விசிறியும் நின்றுவிடும்.

8.5 இயங்கும் நாட்கள். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வழக்கமாகத் திங்களும் வெள்ளியுமே திறக்கும். ஓராண்டுக்குப் பிறகு இயந்திரமும் ஏறத்தாழ அந்த ஒழுங்குக்கு வந்தது. வேண்டுதல் முறைகளில் மட்டும் வேறுபாடு.

9. களப்பணியின் கடைசிக் காலை

இரண்டாவது முறை உப்புக் கரைத்தபோது, கரையாமல் வெளியே வந்த வெண்பொடியை மகன் ஒரு கிண்ணத்தில் வடித்து வைத்திருந்தான். புதிய மாதிரி, ஈரத்துணிக்குத் தப்ப வைக்க வேண்டும் என்று மேல் அலமாரியில் ஏற்றப்போனவனைப் பாட்டி நிறுத்தினாள். கிண்ணத்தை வாங்கி, பொடியை விரலால் நசுக்கி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். மடியில் வெற்றிலைப் பெட்டி திறந்திருந்தது.

“இது சுண்ணாம்புன்னா சொன்ன?”

“ஆமா பாட்டி. சுத்தமான சுண்ணாம்பு.”

“கல்லுடா இது. காளவாயில போட்டுச் சுட்டு, தண்ணி தெளிச்சு வெந்தாத்தான் சுண்ணாம்பு. பச்சக் கல்லப் போய் வெத்தலையில தடவுனா செவக்குமா?”

இக்கூற்றை வேதியியல் நூல்களோடு ஒப்பிட்டதில் குறை எதுவும் காணப்படவில்லை. சுட்டால் கரியமில வாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு. நீர் தெளித்தால் வெற்றிலைக்கு ஆகும் நீற்றுச் சுண்ணாம்பு. ஊரைச் சுற்றியுள்ள ஆலைகள் இதே கல்லைக் களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரியில் சுட்டுச் சிமென்ட்டுக்கான கிளிங்கர் ஆக்குகின்றன. மேடைமேல் இருக்கும் இயந்திரம் காப்பிக்கு எட்டுவது தொண்ணூற்று மூன்று.

பாட்டி கிண்ணத்தைத் தொட்டி முற்றத்தில் செம்பருத்திச் செடியடியில் கவிழ்த்துவிட்டு வந்தாள். “டிகாஷன் எறங்கிடுச்சு பாரு,” என்றாள். “பால் பொங்கப்போவுது, எறக்கு.”